செப்டம்பரில் எழுதிய அட்டை

குழந்தைகள் வார்டுக்கு மாற்றலாகி வந்த முதல் நாள் காலையில் டெம்வா வாசலிலேயே நின்று பன்னிரண்டு கட்டில்களையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். எந்த வார்டுக்குள் நுழைந்தாலும் அழாத குழந்தை எது என்று முதலில் தேடுவது அவள் வழக்கம். அழுகிற குழந்தைக்கு அழத் தெம்பு இருக்கிறது. அது பத்து நிமிடம் பொறுக்கும்.

கடைசியில், ஏரிப்பக்க ஜன்னலுக்குக் கீழே, நாலு மாதப் பெண் குழந்தை ஒன்று அழாமல் கிடந்தது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் ஒட்டியிருந்தது. கண் திறந்திருந்தது, யாரையும் பார்க்கவில்லை. மூச்சு விடும் வேலை ஒன்றுக்கே உடம்பு முழுவதும் செலவாகிக்கொண்டிருந்தது.

"டபோகேரா. நிமோனியா. வெள்ளிக்கிழமை சேர்த்தது," என்று நர்ஸ் கெல்வின் குறிப்பைப் படித்தான். "ரெண்டு ஊசியும் நேரம் தவறாம போயிட்டிருக்கு. இன்னிக்கு நாலாவது நாள்."

"நாலு நாள்ல என்ன மாறியிருக்கு?"

கெல்வின் தாளைத் திருப்பிப் பார்த்தான். "ஒண்ணும் மாறல, மேடம்."

டெம்வா டாக்டர் பட்டம் படித்தவள் அல்ல. மூன்று வருடம் மருத்துவ உதவியாளர் படிப்பு, அதன்பின் பதினோரு வருடம் மலாவியின் வடக்கு ஏரிக்கரை ஆஸ்பத்திரிகளில் வேலை. ஊர் அவளை டாக்டர் என்றுதான் கூப்பிட்டது, அவளும் திருத்துவதில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் முழுக்க எண்ணினாள். எண்பத்திரண்டு. இந்த வயதுக்கு ஐம்பதே அதிகம். நெற்றியில் கை வைத்தாள், சூடு இல்லை. ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்துக் கேட்டாள். இத்தனை வேகமாக மூச்சு வாங்கும் நெஞ்சில் கரகரப்பும் சளிச் சத்தமும் நிறைந்திருக்க வேண்டும். இங்கே ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. விரலில் மாட்டிய கருவியோ, குழாய் வழியே ஆக்ஸிஜன் போய்க்கொண்டிருந்தும், எண்பத்தொன்று என்று காட்டியது. தொண்ணூறுக்கு மேல் இருக்க வேண்டிய எண் அது.

சூடு இல்லை, நெஞ்சில் சத்தம் இல்லை, ஆனால் குழந்தை மூச்சுக்குத் தவிக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் டெம்வா அடுத்து எங்கே பார்ப்பாள் என்பதில் சந்தேகமில்லை. குழந்தையின் வாயை மெல்லத் திறந்தாள். கன்னத்தின் உட்புறத்திலும் மேலண்ணத்திலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு.

"பால்," என்றது கட்டிலின் தலைமாட்டிலிருந்து ஒரு குரல். "இப்பத்தான் குடிச்சுது. அது பால்."

சொன்னவள் நாற்பது வயது மதிக்கத்தக்க, அகலத் தோள்காரி. குழந்தையின் அப்பாவுக்கு அக்கா, பெயர் எஸ்நாத். கருவாடு விற்பவள். நாலு நாளாக அந்தத் தலைமாட்டை விட்டு நகராமல் காவல் இருந்தாள். குழந்தையின் அம்மா லோனெஸ் கால்மாட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். இருபது வயதைத் தாண்டி ஒன்றிரண்டு இருக்கலாம்.

டெம்வா விரலில் துணி சுற்றி அந்த வெள்ளையைத் துடைத்தாள். பாலாக இருந்தால் துணியோடு வந்திருக்கும். இது வரவில்லை; அழுத்தித் துடைத்த இடத்தில் சிவப்பாகப் புண் தெரிந்தது.

எஸ்நாத் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

டெம்வா கெல்வினை மருந்து மேசைப் பக்கம் அழைத்துப் போனாள். "இது சாதாரண நிமோனியா இல்ல. பூஞ்சை. நியூமோசிஸ்டிஸ். நமக்கெல்லாம் மூச்சோட உள்ள போயிட்டு சும்மா வெளிய வந்துரும். எதிர்ப்பு சக்தி இல்லாத குழந்தைன்னா உள்ளேயே தங்கிரும்."

"மேடம், அம்மாவோட அட்டையை நான் பார்த்தேன். ஹெச்.ஐ.வி. இல்லைன்னு தெளிவா எழுதியிருக்கு."

"என்ன தேதி போட்டிருக்கு?"

கெல்வின் அட்டையை எடுத்துவந்து பிரித்தான். "செப்டம்பர். கர்ப்பம் நாலாவது மாசம்."

"இப்ப ஜூன். அந்த அட்டை செப்டம்பர்ல நின்னுபோச்சு, அந்தப் பொண்ணு நிக்கல. கோட்ரிமாக்ஸசோல் மாத்திரை எடு. குழந்தைங்களுக்குன்னு வர்ற சின்னது. எடைக்குக் கணக்குப் போட்டா ஒரு வேளைக்கு ரெண்டு, எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை."

"ஒரு நாளைக்கு ஆறா? நாம ஒண்ணுதானே குடுப்போம்?"

"ஒண்ணு, வராம தடுக்கறதுக்கு. இது வந்து உட்கார்ந்தாச்சு, கெல்வின். மூக்கு வழியா வயித்துக்கு ஒரு குழாய் போட்டு, கரைச்சு அதுல விடு. நுரையீரல் வீக்கம் தணியறதுக்கும் மருந்து எழுதறேன். பழைய ஊசியை நிறுத்தாத, அதுவும் ஓடட்டும்."

"குழந்தையோட ரத்தத்தை அனுப்பிட்டு, ஹெச்.ஐ.வி. முடிவு வரட்டும்னு முசிஸ்கா சார் சொன்னார்னா?"

"ரத்தத்தை இன்னிக்கே அனுப்பு. ஆனா முடிவு நகரத்துலேர்ந்து வர மூணு வாரம் ஆகும். இந்தக் குழந்தைக்கு மூணு நாள்கூட இல்ல. சார்கிட்ட நான் பேசிக்கறேன்."

முசிஸ்கா அந்த ஆஸ்பத்திரியின் மூத்த மருத்துவ அலுவலர். வெள்ளிக்கிழமை குழந்தையைச் சேர்த்தவர் அவர்தான். பத்து மணிக்கு வார்டுக்கு வந்தபோது முதல் வேளை மாத்திரை ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. டெம்வா சொன்னதை அவர் இடைமறிக்காமல் கேட்டார். பிறகு தன் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். குழந்தையின் வாயையும் பார்த்தார்.

"நெஞ்சு சுத்தமா இருந்ததைப் பார்த்து, ஊசி கேட்குதுன்னு நெனைச்சுட்டேன்," என்றார். "மூணு நாள் அட்டையை நம்பிட்டேன், டெம்வா. மருந்தை நிறுத்தாத. அம்மாகிட்ட யார் பேசறது?"

"நான்."

அதற்கு முதலில் எஸ்நாத்தை நகர்த்த வேண்டியிருந்தது. உறவினர்களுக்கான சமையல் கொட்டகைக்குப் போய் லோனெஸுக்குக் கஞ்சி காய்ச்சி வரச் சொன்னாள் டெம்வா.

"காய்ச்சியாச்சு," என்றாள் எஸ்நாத்.

"மதியத்துக்கு?"

"மதியத்துக்கு மரவள்ளிக் களி கிண்டி மூடி வச்சிருக்கேன். ராத்திரிக்கு மீனும் கழுவியாச்சு. என்னை வெளிய அனுப்பணும்னா நேரா சொல்லுங்க டாக்டர், எதுக்கு அடுப்பைச் சுத்தி வர்றீங்க?"

கெல்வின் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பினான். டெம்வா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி எஸ்நாத்தின் கையில் வைத்தாள். "சரி, நேரா சொல்றேன். நான் லோனெஸ்கிட்ட தனியா பேசணும். நீங்க இங்கேயே இருங்க, எனக்கு உங்க வேலை வேணும். நெஞ்சு ஒரு தடவை ஏறி இறங்கினா ஒண்ணு. முள்ளு ஒரு சுத்து சுத்தற வரைக்கும் எண்ணி, இந்தத் தாள்ல எழுதுங்க. அரைமணிக்கு ஒருதடவை. உதடு கருத்தா உடனே சத்தம் போடுங்க."

எஸ்நாத் கடிகாரத்தைப் பார்த்தாள். அவளுக்கு எண்ணத் தெரியும். ஆயிரக்கணக்கில் மீன் எண்ணியவள். குழந்தையின் நெஞ்சில் கண்ணை ஊன்றினாள்.

பக்கத்து அறையில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும்தான். ஜன்னலுக்கு வெளியே, தெற்கிலிருந்து வீசும் ம்வெரா காற்று ஏரியைக் கலக்கி அலையைக் கரையில் அறைந்துகொண்டிருந்தது. டெம்வா கதவைச் சாத்தினாள்.

"உன் குழந்தைக்கு என்ன வந்திருக்குன்னு எனக்குத் தெரியும், லோனெஸ். மருந்தும் குடுத்தாச்சு. ஆனா இந்த மாதிரி நிமோனியா பெரும்பாலும் ஹெச்.ஐ.வி. கிருமி உள்ள குழந்தைக்குத்தான் வரும். அதனால உன் ரத்தத்தை மறுபடியும் பார்க்கணும்."

"எனக்குப் பார்த்தாச்சே. இல்லைன்னாங்களே."

"அன்னிக்கு இல்ல. அதுக்கப்புறம் உனக்குக் கடுமையா காய்ச்சல் ஏதாவது வந்துச்சா?"

"ஜனவரியில வந்துச்சு. வயிறு இவ்வளவு பெருசா இருக்கும்போது. மலேரியான்னு போனேன், மலேரியா இல்லைன்னாங்க. கழுத்தெல்லாம் கட்டி கட்டியா, தொண்டை புண்ணா. பத்து நாள்ல தானா போயிடுச்சு." குரல் இறங்கியது. "என் புருஷன் வாட்சன் நவம்பர்ல மீன்பிடி முகாம்லேர்ந்து வந்து ரெண்டு மாசம் வீட்டுல இருந்தான். நான் ஒரு தப்பும் பண்ணல, டாக்டர்."

"தப்பு யார்துன்னு கண்டுபிடிக்கற வேலை எனக்கு இல்ல. விரலைக் குடு."

கால் மணி நேரம் காத்திருந்தார்கள். முதல் பரிசோதனைப் பட்டையில் இரண்டு கோடு விழுந்தது. வேறு பெட்டியிலிருந்து எடுத்த இரண்டாவது பட்டையிலும் இரண்டு கோடு. டெம்வா அதை மறைக்கவில்லை; மேசைமேல் அவள் பார்க்கும்படியே வைத்து, கிருமி இருக்கிறது என்று ஒரே வாக்கியத்தில் சொன்னாள்.

லோனெஸ் அழுவாள் என்று டெம்வா எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. இடுப்புத் துணியின் முனையை இறுக முறுக்கினாள். "அப்ப நான் பால் குடுக்கலாமா கூடாதா?" என்று கேட்டாள்.

"குடுக்கணும். இன்னிக்கே உனக்கு மருந்து ஆரம்பிக்கறேன், தினம் ஒரு மாத்திரை. இப்ப குழாய் இருக்கறதால பீச்சிக் குடு, அப்புறம் அவளே குடிப்பா. இன்னொண்ணையும் இப்பவே சொல்லிடறேன், நாளைக்கு பயப்படாத. இந்த நோய் மருந்து ஆரம்பிச்சதும் ரெண்டு மூணு நாள் இன்னும் மோசமாத் தெரியும். அப்புறம்தான் திரும்பும்."

"திரும்புமா?"

எல்லாக் குழந்தைகளும் திரும்புவதில்லை என்று டெம்வாவுக்குத் தெரியும். அதை அவள் மறைக்கவும் இல்லை. "சில குழந்தைகளுக்குத் திரும்பாது. உன் மகளுக்குச் சரியான மருந்து போயிட்டிருக்கு, ஆக்ஸிஜன் இருக்கு, இன்னும் அவகாசமும் இருக்கு. இவ திரும்புவான்னுதான் நான் நெனைக்கறேன்."

அவள் சொன்னபடியே செவ்வாய்க்கிழமை மோசமாயிற்று. எஸ்நாத்தின் தாளில் எண்பத்தைந்து, எண்பத்தெட்டு, தொண்ணூறு என்று ஏறிக்கொண்டே போனது. கருவாட்டுக்காரியின் கையெழுத்து கோணலாக இருந்தாலும் ஒரு வரி விடுபடவில்லை. நண்பகலில், வார்டு முழுவதும் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், மின்சாரம் போனது. ஆக்ஸிஜன் இயந்திரம் ஒரு நீண்ட முனகலோடு நின்றது.

"உதடு!" என்று எஸ்நாத் கத்தினாள். "உதடு கருக்குது! டாக்டர்!"

ஜெனரேட்டருக்கு ஆள் ஓடினான். அது கிளம்ப எவ்வளவு நேரமாகும் என்று டெம்வாவுக்கு நம்பிக்கை இல்லை. "கெல்வின், பிரசவ வார்டு சிலிண்டர்!" என்றாள். கெல்வின் ஓடினான். அவள் குழந்தையைத் தூக்கி, தலையைச் சற்றே நிமிர்த்திப் பிடித்து, மூச்சுப் பையின் முகமூடியை மூக்கும் வாயும் மூடும்படி வைத்து மெதுவாக அமுக்கினாள். குழந்தை மூச்சை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் கூடவே ஒரு அமுக்கு. லோனெஸ் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்தியிருந்தாள். எஸ்நாத் மட்டும், யாரும் கேட்காமலே, உரக்க எண்ணினாள். அந்த எண்ணிக்கை டெம்வாவின் கைக்குத் தாளமாக அமைந்தது.

இருநூற்றுப் பத்தை எட்டும்போது கெல்வின் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தான். "வழியில ஒரு கர்ப்பிணியை இடிக்கப் பார்த்தேன், மேடம். வாய்க்கு வந்தபடி திட்டினா," என்று மூச்சு வாங்கினான்.

"திட்டற அளவுக்கு நல்லாத்தான் இருக்கா. குழாயை மாட்டு."

பத்து நிமிடத்தில் விரல் கருவியின் எண் எண்பத்தாறுக்கு ஏறியது. உதட்டின் கருமை விலகியது. ஜெனரேட்டர் அதற்கும் அரைமணி கழித்துத்தான் உறுமியது. அதன்பிறகுதான் டெம்வா உட்கார்ந்தாள்.

புதன்கிழமை காலையில் எஸ்நாத் அவளைத் தேடி அந்தச் சின்ன அறைக்கு வந்தாள். கதவைத் தானே சாத்தினாள். தோள்பையிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே மருந்துப் புட்டி. நடக்கும்போது மாத்திரை குலுங்கிச் சத்தம் வராமல் இருக்க மேலே பஞ்சு அடைத்திருந்தது.

"ஆறு வருஷம்," என்றாள். "நம்ம ஊர்ல வாங்கறதில்ல. ரெண்டு ஊர் தள்ளி, சந்தைக்குப் போறப்ப வாங்கிக்குவேன். வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. தம்பிக்கும் தெரியாது."

டெம்வா ஒரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"அந்த வெள்ளை எனக்கும் வந்திருக்கு, டாக்டர். தண்ணி முழுங்கினாக்கூட முள்ளு முழுங்கற மாதிரி இருக்கும். குழந்தை வாயை வெள்ளிக்கிழமையே பார்த்தேன். பார்த்தவுடனே தெரிஞ்சுபோச்சு. பால்னு சொன்னேன்." அவள் புட்டியை மறுபடி துணியில் சுற்றினாள். "நாலு நாள் பால்னு சொல்லிட்டு உட்கார்ந்திருந்தேன். உனக்கு எப்படித் தெரியும்னு யாராவது கேட்டா என்ன சொல்றது? அந்தப் பயம்."

"இப்ப சொல்லிட்டீங்க," என்றாள் டெம்வா. "நேத்து மத்தியானம் நீங்க கத்தலேன்னா எனக்கு ரெண்டு நிமிஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சிருக்கும். லோனெஸ்கிட்ட சொல்லணும்னு தோணினா நீங்களே சொல்லுங்க. என் வாயிலேர்ந்து வராது."

எஸ்நாத் அன்று மதியமே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. சாயங்காலம் டெம்வா வார்டைக் கடந்தபோது இருவரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து ஒரே தட்டில் களி தின்றுகொண்டிருந்தார்கள். "தண்ணி நிறையக் குடி. முதல் வாரம் தலை சுத்தும், கெட்ட கனவு வரும், எல்லாம் போயிடும்," என்று எஸ்நாத் அடிக்குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். "சரி அண்ணி," என்று லோனெஸ் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை வாட்சன் வந்தான். காற்று ஓயாததால் படகு கிடைக்கவில்லை. சிமென்ட் லாரியில் தொற்றிக்கொண்டு, தலையெல்லாம் வெள்ளையாக வந்து சேர்ந்தான். குழந்தையைப் பார்த்தான், குழாய்களைப் பார்த்தான். லோனெஸ் அவனை வெளியே மாமரத்தடிக்கு அழைத்துப் போனாள். கூட வரட்டுமா என்று டெம்வா கேட்டதற்கு, "வேணாம் டாக்டர், நானே சொல்றேன்," என்றாள். முதுகை நிமிர்த்திக்கொண்டு போனாள்.

கொஞ்ச நேரத்தில் வாட்சனின் குரல் வார்டு வரை கேட்டது. "என்னைச் சொல்றியா? நான் முகாம்ல மீன் பிடிக்கறேன், நீ வீட்டுல என்ன பண்றேன்னு எனக்குத் தெரியுமா?"

எஸ்நாத் கடிகாரத்தைக் கெல்வினிடம் கொடுத்துவிட்டுப் போனாள். மாமரத்தடியில் நின்று இடுப்பில் கை வைத்தாள்.

"டேய் வாட்சன். கேள்வி கேக்கத்தான் லாரி ஏறி வந்தியா? உன் மக ஒரு வாரமா மூச்சுக்குத் தவிக்கறா. இவ பச்சைத் தண்ணிகூட ஒழுங்கா குடிக்கல. நீ மூஞ்சியில சிமென்ட்டோட நின்னுக்கிட்டு நியாயம் பேசறியா?"

"அக்கா, உனக்கு ஒண்ணும் தெரியாது."

"எனக்கு ஆறு வருஷமாத் தெரியும்டா." அவள் பையைத் திறந்து புட்டியை வெளியே எடுத்தாள். பஞ்சைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அவன் முகத்துக்கு நேரே குலுக்கினாள். சத்தம் நன்றாகக் கேட்டது. "இதைத் தின்னுட்டுத்தான் உனக்குக் கல்யாணம் பண்ணி வச்சேன், மூட்டை தூக்கினேன், கடன் இல்லாம இருக்கேன். நான் செத்தா போயிட்டேன்? போ, போய்க் கையை நீட்டு."

வாட்சன் கையை நீட்டவில்லை. அக்காவையே வெறித்துப் பார்த்துவிட்டு ஏரிப்பக்கம் நடந்து போனான். லோனெஸ் உள்ளே வந்து குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போதும் அழவில்லை.

அவன் திரும்பி வரமாட்டான் என்று கெல்வின் சொன்னான். டெம்வாவும் உள்ளூர அப்படித்தான் நினைத்தாள். அவன் வெள்ளிக்கிழமை காலையில் வந்தான். ஏரியில் குளித்து, தலையிலிருந்த சிமென்ட் எல்லாம் போயிருந்தது. டெம்வாவின் அறை வாசலில் நின்று சட்டைக் கையை மடித்துக்கொண்டே, "எந்த விரல்?" என்று கேட்டான்.

அவனுக்கும் இரண்டு கோடு. "நான்தான் கொண்டுவந்தேன்," என்றான் மேசையைப் பார்த்து. அது கேள்வியா பதிலா என்று தெரியவில்லை. டெம்வா மருந்துச் சீட்டு எழுதி நீட்டினாள். "இதை லோனெஸ்கிட்டயே சொல்லு," என்றாள்.

வெள்ளி மாலை எஸ்நாத்தின் தாளில் முதல்முறையாக எண் இறங்கியது. எழுபத்தாறு. சனிக்கிழமை அறுபத்தெட்டு. திங்கட்கிழமை டபோகேரா குழாயைப் பிடுங்க முயன்று, கெல்வினின் விரலைப் பிடித்து முறுக்கினாள். "தெம்பு வந்துடுச்சு, மேடம். என்னையே அடிக்கறா," என்று அவன் வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். மாத்திரை ஆரம்பித்த ஒன்பதாம் நாள் ஆக்ஸிஜனை எடுத்தார்கள். பத்தாம் நாள் அம்மாவின் மார்பில் தானே வாய் வைத்துக் குடித்தாள். இரத்த முடிவு வரட்டும் என்று காத்திராமல், இரண்டாவது வாரமே கிருமிக்கான மருந்தையும் டெம்வா ஆரம்பித்தாள். மூன்றாவது வாரம் நகரத்திலிருந்து காகிதம் வந்தபோது அது அவளுக்குப் புதிதாக எதுவும் சொல்லவில்லை.

இதற்கிடையில் அவள் முசிஸ்காவிடம் இன்னொரு காரியம் பேசி முடித்திருந்தாள். குழந்தைகளை எடை போடும் செவ்வாய்க்கிழமைகளில் பால் கொடுக்கும் ஒவ்வொரு தாயின் அட்டையிலும் கடைசிப் பரிசோதனைத் தேதியைப் பார்க்க வேண்டும். மூன்று மாதம் தாண்டியிருந்தால் அங்கேயே மறுபடி பரிசோதனை. முதல் செவ்வாயில் பத்தொன்பது பேருக்குப் பார்த்தார்கள். ஒருத்திக்கு இரண்டு கோடு. அவள் குழந்தை கொழுகொழுவென்று, தராசில் தொங்கிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தது. அந்தக் குழந்தைக்கு, நிமோனியா வராமல் தடுக்க, தினம் ஒரே ஒரு மாத்திரை போதுமானதாக இருந்தது.

மூன்று வார மருந்து முடிந்த மறுநாள் டபோகேராவை வீட்டுக்கு அனுப்பினார்கள். எடை ஐந்தரைக் கிலோ. இனி தினம் ஒரு தடுப்பு மாத்திரை, கூடவே கிருமி மருந்து, நாலு வாரத்தில் மறுபடி வர வேண்டும் என்று டெம்வா இரண்டு தடவை சொன்னாள். லோனெஸ் அதை அப்படியே திருப்பிச் சொன்னாள், வேளையும் அளவும் உட்பட. வாட்சன் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் லோனெஸைப் பார்த்தான். அவள் உடனே உதவிக்குப் போகவில்லை. சற்று நேரம் அவனைத் தவிக்கவிட்டு, பிறகுதான் கழுத்தடியில் அவன் கையைச் சரியாக எடுத்து வைத்தாள்.

வாசலில் லாரி நின்றது. முன்னிருக்கை ஏற்கெனவே ஒருவருக்குப் பேசியாகிவிட்டது என்றான் டிரைவர்.

"யாருக்கு? அவருக்கு நாலு மாசக் குழந்தை இருக்கா?" என்று எஸ்நாத் கதவைத் திறந்தாள். உள்ளே உட்கார்ந்திருந்த கனத்த மனிதர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்ததும் தானாகவே இறங்கிப் பின்னால் ஏறிக்கொண்டார். லோனெஸும் குழந்தையும் முன்னால் உட்கார்ந்தார்கள்.

நாலு வாரம் கழித்து, சொன்ன தேதியில், காலை ஏழரை மணிக்கே வரிசையில் நின்றார்கள். டபோகேரா ஆறு கிலோவைத் தாண்டியிருந்தாள். எஸ்நாத்தும் கூட வந்திருந்தாள். இரண்டு ஊர் தள்ளிப் போவதை நிறுத்திவிட்டு, தன் பெயரையும் இந்த ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலேயே எழுதச் சொன்னாள்.